ரீத்தாவின் கழுத்துப்பட்டை

எங்கள் தீவில் மண்சாலை முடிந்து கறுப்புப் பாறை தொடங்கும் இடத்தில் ஒரு மரச்சிலுவை நிற்கிறது. அதன் அடியில் ஒரு மண்கூஜா. அந்தப் பாறைவெளியில் தண்ணீருக்குத் தவித்துச் செத்த ஆப்தோன் என்ற கைதிக்காக அந்தக் கூஜாவில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். கூஜா வற்றினால் அவன் குரல் கேட்கும் என்பார்கள். மாடு தேடிப் போனவன் கேட்டிருக்கிறான். வலை காயப்போடப் போனவன் கேட்டிருக்கிறான். நான் இந்த ஊர்ப் பள்ளியில் தலை நரைக்கும்வரை பாடம் நடத்தியவன். ஒரு நாளும் கேட்டதில்லை. பாறைப் பிளவுக்குள் காற்று புகுந்து வெளியேறும்போது என்ன சத்தம் வரும் என்று பிள்ளைகளை அங்கேயே அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன். எல்லாரும் தலையாட்டினார்கள். திரும்பி வரும்போது சிலுவையைத் தாண்டுகையில் எல்லாரும் ஓடினார்கள்.

அந்தக் கூஜாவை நிரப்பி வந்தவள் எர்மிந்தா. மேட்டு நிலத்தில் அவளுக்கு ஒரு சின்னத் தோட்டம்: கொஞ்சம் காபி, மரவள்ளி, வாழை. ஞாயிற்றுக்கிழமை ஊரே பூசைக்குப் போகும்போது அவள் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் நடப்பாள். யாரும் அவளை அனுப்பவில்லை, யாரும் நன்றி சொன்னதுமில்லை. ஆப்தோனைச் சாகவிட்டவன் அவளுடைய அப்பா என்று ஊர் சொன்னது. அவள் அம்மா சாகும்வரை தண்ணீர் ஊற்றினாள். பிறகு இவள்.

அப்பா பெயர் லிசாந்த்ரோ. இங்கே கைதிகள் முகாம் இருந்த காலத்தில் கோழி திருடியதற்காகக் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர். கொலைகாரனும் அதே கப்பலில்தான் வந்தான். பண்ணை முதலாளியை எதிர்த்துப் பேசியவனும் அதே கப்பலில்தான் வந்தான். பெருநிலத்துக்கு வேண்டாதவர்கள் எல்லாரையும் கொண்டுவந்து இங்கே கொட்டினார்கள். கறுப்புக் கல்லைச் சுமக்க வைத்து ஒரு மதில் கட்ட வைத்தார்கள். அந்த மதில் எதையும் அடைக்கவில்லை, எதையும் காக்கவுமில்லை. மனிதனை ஒடிக்க வேண்டும், அவ்வளவுதான். இன்று சுற்றுலாக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடித்தவர்கள் ஊருக்குத் திரும்பி, வயதாகி, படுக்கையில் செத்தார்கள்.

முகாமிலிருந்து தப்புகிறவன் கடல் பக்கம் போக முடியாது, படகு கிடையாது. மலைக்குத்தான் போக வேண்டும். மலையில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது ஆமைகளுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ராட்சத ஆமைகள் தலைமுறை தலைமுறையாக ஒரே வழியில் நடப்பதால் பாறையே வழவழவென்று தேய்ந்து தடமாகியிருக்கும். அந்தத் தடங்கள் குட்டைகளில் போய் முடியும். லிசாந்த்ரோவுக்கு அவை அத்தனையும் தெரியும். ஆமை பிடித்து வந்து, வெட்டி, கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுக்கும் வேலைக்கு அவரைத்தான் அனுப்புவார்கள்.

சார்ஜன்ட் இதைப் பயன்படுத்திக்கொண்டார். யாராவது ஓடிப்போனால், மறுநாள் லிசாந்த்ரோவையும் "ஓடவிடுவார்". இவர் ஆமைத்தடத்தில் போய் அவனைக் கண்டுபிடித்து, நானும் தப்பி வந்துவிட்டேன் என்று கூடச் சேர்ந்துகொள்வார். விடிந்ததும் ஆமைக்கறி சுடுகிற சாக்கில் பச்சை இலையைப் போட்டுப் புகை எழுப்புவார். காவலர்கள் புகையைப் பார்த்து வந்து அவனைச் சுடுவார்கள். பிணத்தைப் பாறைமேல் சுமந்து வர யாருக்கும் மனமில்லாததால் செத்தவனுடைய சட்டையை மட்டும் லிசாந்த்ரோ கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சட்டை வந்தால் ஆள் முடிந்தான் என்று கணக்கு.

கடைசியாக ஓடியவன் ஆப்தோன். லிசாந்த்ரோவை அனுப்பினார்கள். புகை எழவில்லை. நாள் பல கழித்து லிசாந்த்ரோ உதடு வெடித்துத் தனியாக வந்தார். கையில் ஆப்தோனின் சட்டை. "தாகத்துல செத்துட்டான்," என்றார். சார்ஜன்ட் சட்டையை வாங்கிக்கொண்டார், விஷயம் முடிந்தது. கொஞ்ச காலத்தில் முகாமையும் மூடினார்கள். போக இடமில்லாத லிசாந்த்ரோ இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு மேட்டு நிலத்தில் தங்கிவிட்டார்.

காட்டிக்கொடுப்பவனை எங்கள் ஊரில் தேரை என்பார்கள். எர்மிந்தா பள்ளிக்கு வந்தபோது அவளுக்குப் பெயர் தேரை மகள். கல்யாணமாகி, புருஷன் கடலில் மூழ்கிப் போய், அவளுக்கே முடி வெளுத்த பிறகும் அதே பெயர்தான்.

அப்போது அவளிடம் ஆடுகள் இருந்தன. வடக்கு எரிமலையில் காட்டாடுகளை ஒழிக்கும் வேலை தொடங்கியபோது, ஆடு பழக்கத் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று அந்த வேலையை நடத்த வந்தவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள்.

அந்த வேலை தேவையா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: தேவை. அந்த மலை விளிம்பில் ஒரு காலத்தில் மரங்கள் அடர்ந்திருந்தன. பனிமூட்டம் இலைகளில் படிந்து சொட்டும். அந்தச் சொட்டுதான் குட்டை, அந்தக் குட்டைதான் ஆமையின் உயிர். மனிதன் கொண்டுவந்து விட்ட ஆடு பெருகி மரத்தைத் தின்றது, மரப்பட்டையைத் தின்றது, முளைத்ததையெல்லாம் தின்றது. சொட்டு நின்றது. வெடித்த சேற்றில் ஆமைகள் தலையை நீட்டி நிற்பதை நானே பார்த்தேன். ஆடு கெட்டதில்லை, ஆமை புனிதமும் இல்லை. செய்த தப்பைச் செய்தவன்தான் திருத்த வேண்டும். ஆனால் திருத்தும் வேலையின் அழுக்கு யார் கையில் ஒட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஹெலிகாப்டரில் இருந்து சுட்டார்கள். முதலில் ஆயிரம் ஆயிரமாக விழுந்தன. பிறகு மிச்சமிருந்தவை ஒளியக் கற்றுக்கொண்டன. அப்போதுதான், ஏசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயர் வைத்த யூதாஸ் ஆடுகள் வந்தன. ஒரு பெட்டை ஆட்டுக்குக் குட்டி போடாதபடி அறுவை செய்து, கழுத்தில் சமிக்ஞை அனுப்பும் பட்டையைக் கட்டி மலையில் விடுவார்கள். ஆட்டுக்குத் தனிமை ஆகாது. அது எப்படியாவது ஒளிந்திருக்கும் கூட்டத்தைத் தேடிப்பிடித்துச் சேர்ந்துவிடும். சமிக்ஞையைப் பிடித்து ஹெலிகாப்டர் வரும். கூட்டத்தைச் சுடுவார்கள். பட்டை கட்டிய ஆட்டை மட்டும் விட்டுவிடுவார்கள். அது அடுத்த கூட்டத்தைத் தேடிப் போகும்.

அறுவை செய்த ஆடுகளின் புண் ஆற்றி, தகர டப்பாவில் மக்காச்சோளத்தைக் குலுக்கினால் ஓடிவரும்படி பழக்கி அனுப்புவது எர்மிந்தாவின் வேலை. மற்றவர்கள் அவற்றை எண் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் நாள்காட்டியைப் பார்த்து, வந்த நாளுக்குரிய புனிதரின் பெயரை வைத்தாள். அவள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். ரீத்தா அன்னையின் திருநாளில் வந்தவள் ரீத்தா. ஒரு காது நுனி கிழிந்த பழுப்பு ஆடு.

சுடும் குழுவில் எங்கள் ஊர்ப் பையன் ஃபௌஸ்தோ இருந்தான், என் பழைய மாணவன். மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் எர்மிந்தா வீட்டில் காபி குடிப்பான். ஒருநாள் நானும் அங்கே இருந்தேன்.

"உங்க ரீத்தா கெட்டிக்காரி, தோன்யா," என்றான். தோன்யா என்பது இங்கே வயதில் மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். "அவளால மட்டும் நாலு கூட்டம் பிடிச்சோம்."

"சுட்டப்புறம் அவ என்ன பண்ணுவா?"

"என்ன பண்ணுவா, நிப்பா."

"நின்னு?"

ஃபௌஸ்தோ குவளையைக் கீழே வைத்தான். "ஒவ்வொண்ணா மோந்து பார்ப்பா. எழுப்புற மாதிரி கால்ல தட்டுவா. அப்புறம் நடக்க ஆரம்பிச்சிடுவா. ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான். வறுத்த வாழைக்காய் இன்னும் ரெண்டு எடுத்துக்கோ."

அவன் போன பிறகு அவள் நெடுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்தது. ஒரு மழைக்காலத்துக்குள் மலை விளிம்பு பச்சை கட்டிவிட்டது. ஆமைகள் தின்று, நடந்து, சாணமிட்ட இடத்திலெல்லாம் விதை முளைத்தது. முட்புதரை மிதித்து அவை வழி திறந்தன, அந்த வழியில் வெளிச்சம் விழுந்து கன்றுகள் எழுந்தன. குட்டையில் புரண்டு புரண்டு அதை ஆழமாக்கின. வெளிநாட்டவர்கள் வந்து படம் எடுத்து, விருந்து வைத்து, கைகுலுக்கிக்கொண்டார்கள். எர்மிந்தாவை யாரும் கூப்பிடவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அதைக் கேட்க, ஆடு ஒழிப்பை நடத்திய அலுவலகத்துக்கே போனாள்.

"பட்டை கட்டின மத்த ஆடுகளையெல்லாம் முடிச்சிட்டீங்க. ரீத்தாவை ஏன் விட்டு வெச்சிருக்கீங்க?" என்று கால்நடை டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"அவதான் நமக்குக் கண்ணு, எர்மிந்தா. யாராவது திருட்டுத்தனமா ஆட்டைக் கொண்டுபோய் விட்டா அவ கண்டுபிடிச்சிடுவா. கடல் அட்டைக்காரங்க என்ன சொல்லிட்டுத் திரியறாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். கடல் அட்டை பிடிக்கத் தடை போட்டதில் பாதி ஊரின் அடுப்பு அணைந்திருந்தது. ஆமைக்கு ஹெலிகாப்டர், எங்களுக்கு லத்தியா என்று கத்தினார்கள். கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அதனால் சிலர், மலையில் மறுபடியும் ஆட்டை விடுவோம் என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கீழ கொண்டாந்துடுங்க, நான் கட்டிப்போட்டு வெச்சுக்கறேன்."

"இப்ப தீவுல யாரும் ஆடு வளர்க்கக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு."

"அப்ப சுட்டுடுங்க. தனியா விடாதீங்க. அவ பண்ணின வேலைக்கு அவளை அங்க தனியா விடாதீங்க."

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. எழுந்து வந்து எர்மிந்தாவின் தோளைத் தொட்டார். "அது ஆடு, எர்மிந்தா," என்றார்.

ஒரு வருஷம் போனது. ரீத்தாவின் சமிக்ஞை மலையின் ஒரே பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. மேலே பறந்து பார்த்தவர்கள் பக்கத்தில் வேறு ஆடு எதையும் காணவில்லை. ரீத்தா தனியாக இருக்கிறாள், ஆகவே மலை சுத்தம் என்று அறிக்கை போனது. எர்மிந்தா மட்டும் தோட்டத்தில் களை எடுக்கும்போது நிமிர்ந்து வடக்கே பார்ப்பாள். மேகம் மலையை மூடியிருக்கும். அந்த மேகத்துக்குள் ஒருத்தி நிற்கிறாள் என்ற நினைப்பு அவளைவிட்டுப் போகவில்லை. ஆப்தோனுக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் இப்போது அவள் ஆப்தோனை நினைப்பதில்லை என்று என்னிடம் சொன்னாள்.

பிறகு பட்டையின் மின்கலம் தீரும் நிலைக்கு வந்தது. புதுப் பட்டை மாட்ட ஆட்டைப் பிடிக்க வேண்டும். ஹெலிகாப்டரில் போனவர்கள் கண்ணில் ரீத்தா படவே இல்லை; சத்தம் கேட்டுப் பாறை இடுக்கில் ஒளிந்துகொள்கிறாள் என்று நினைத்தார்கள். டப்பாவைக் குலுக்க எர்மிந்தாதான் வேண்டும் என்றானது. விளிம்பில் இறக்கிவிட்டார்கள். எர்மிந்தாவும் ஃபௌஸ்தோவும் மட்டும் பனிமூட்டத்தில் நடந்தார்கள். இனி வருவது இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகிறது.

காலை முழுக்க, மிச்சமிருந்த மரங்களும் புதுக் கன்றுகளும் சொட்டிக்கொண்டிருந்தன. ஃபௌஸ்தோ கையிலிருந்த கருவி டிக், டிக் என்றது. அந்தச் சத்தத்தின் பின்னால் ஒரு குட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். சேற்றில் பெரும்பாறைகள் கிடப்பதுபோல் ஆமைகள். அவற்றில் ஒன்றின் ஓட்டில் தாடையை வைத்துப் படுத்திருந்தது ஒரு பழுப்பு ஆடு.

இருவரும் அசையாமல் நின்றார்கள். ஆமை புஸ்ஸென்று மூச்சுவிட்டு எழுந்து நகர்ந்தது. ஆடும் எழுந்தது. ஆமை புதரை மிதித்துச் சாய்த்துப் போக, ஆடு பின்னாலேயே போய்ச் சாய்ந்த கிளையில் இலை பறித்தது. ஆமை நின்றால் ஆடும் நின்றது.

"இவ தேடவே இல்ல, தோன்யா," ஃபௌஸ்தோ மெல்லச் சொன்னான். "நாங்க பாட்டுக்கு மலை சுத்தம், மலை சுத்தம்னு சொல்லிட்டு இருக்கோம். இவ தேடறதையே விட்டுட்டா."

எர்மிந்தா ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மலையில இப்ப ஆடு இருக்கா இல்லையான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரு வருஷம் வீண்." அவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். "வேலைக்கு ஆகாத யூதாஸை என்ன பண்ணணும்னு உங்களுக்கே தெரியும். நீங்கதானே சுடச் சொன்னீங்க. கூப்பிடுங்க. கிட்ட வந்தா ஒரே குண்டுல முடிச்சிடறேன், துடிக்காது."

"தனியா இருக்கான்னு நெனச்சுச் சொன்னேன்."

"தோன்யா."

அவள் டப்பாவைக் குலுக்கினாள். ரீத்தாவின் கிழிந்த காது திரும்பியது. ஹெலிகாப்டருக்கு ஒளிகிறவள் இந்தச் சத்தத்துக்கு ஒளியவில்லை. இரண்டடி வந்தாள், நின்றாள், ஆமையைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி வந்தாள். எர்மிந்தாவின் கைக்குள் வாயை நுழைத்துச் சோளம் தின்றாள். எர்மிந்தா ஒரு கையால் கொம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையைப் பின்னால் நீட்டினாள்.

"கத்தியைக் குடு."

"எதுக்கு?"

"குடுடா."

பட்டை தடித்த தோல். அறுக்க நேரமானது. அறுந்ததும் அதை ஃபௌஸ்தோவிடம் நீட்டினாள்.

"இதைக் கொண்டுபோய்க் குடு. ஆடு செத்துக் கெடந்துச்சு, செத்து ரொம்ப நாள் ஆச்சு போலன்னு சொல்லு. ஒரு வருஷமா வந்த சேதி எதையும் நம்பாதீங்க, உடனே வேற ஆடு அனுப்புங்கன்னு சொல்லு. அதை மறைக்காதே. ஆமைங்களுக்குக் கேடு வந்துடக் கூடாது. நானே பழக்கித் தரேன்."

"என் வேலை போயிடும்."

"பார்த்தது நாம ரெண்டே பேர்தான்."

"வெறும் பட்டையைக் காட்டினா நம்புவாங்களா?"

"சட்டையை நம்பினாங்களே," என்றாள் எர்மிந்தா.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு எட்டியது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபௌஸ்தோவும் இந்த ஊர்க்காரன், சட்டைக் கதை அவனுக்கும் தெரியும். கையிலிருந்த பட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். ரீத்தா சோளத்தை முடித்துவிட்டு ஆமை போன வழியில் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டையை நம்பினார்கள். வெளியிலிருந்து தருவித்த இரண்டு ஆடுகளை எர்மிந்தா பழக்கிக் கொடுத்தாள். அவை மலையின் கிழக்குச் சரிவில் ஒரு பெட்டையையும் அதன் குட்டிகளையும் கண்டுபிடித்தன. யாரோ கொண்டுபோய் விட்டவை. இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் விளிம்பு மறுபடி மொட்டையாகியிருக்கும். குட்டிகளையும் சுட்டார்கள். இந்த முறை ஃபௌஸ்தோ காபி குடிக்க வந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பட்டையை அறுத்த வாரத்திலிருந்தே அவள் கூஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். கடைக்காரி எல்லார் முன்னாலும் கேட்டாள்: "என்ன தேரை மகளே, ஆப்தோன் தொண்டை வறண்டு கத்துறான், உன் காதுல விழலையா?"

"அவனுக்கு இப்ப எண்பது தாண்டியிருக்கும்," என்றாள் எர்மிந்தா. "பெருநிலத்துல எங்கயாவது உக்காந்து பேரன்களைத் திட்டிக்கிட்டுக் காபி குடிச்சிட்டிருப்பான். உன் தண்ணி அவனுக்கு எதுக்கு? உப்பு ஒரு பாக்கெட் குடு."

கடையிலிருந்து திரும்பும் வழியில் நான் அவளிடம் சொன்னேன்: "அப்பா அவனைத் தப்பவிட்டார்னு உனக்கு ஆசை இருக்கலாம். ஆதாரம் இல்ல, எர்மிந்தா."

"இல்லைன்னு எனக்கும் தெரியும், வாத்தியாரே. செத்தான்கிறதுக்கு மட்டும் என்ன ஆதாரம்? ஒரு சட்டைதானே?"

 ஆப்தோன் பேயாக அலையவில்லை என்று ஊரோடு இத்தனை காலம் சண்டை போட்டிருக்கிறேன். அவன் செத்தானா என்று ஒரு முறையும் கேட்டதில்லை.

ஆனால் அவள் நிம்மதியாக இருந்தாள் என்று எழுதினால் அது பொய். பாறைவெளியின் பேய் போன இடத்தில் மலையில் ஒரு ஆடு வந்து உட்கார்ந்துகொண்டது. பட்டை இருந்தவரை ரீத்தா எங்கே இருக்கிறாள் என்றாவது தெரியும், இப்போது அதுவும் இல்லை. பனிமூட்டக் காலம் வந்தால் எர்மிந்தாவுக்குத் தூக்கம் போய்விடும். ஃபௌஸ்தோ மலையிலிருந்து இறங்கும் நாட்களில் வாசலில் வந்து நிற்பாள். அவள் கேட்பதற்கு முன்பே அவன் சொல்லிவிடுவான்: "ஆமைங்களைத் தவிர யாரையும் காணோம், தோன்யா." ரீத்தா செத்துவிட்டாள் என்கிறானா, பார்த்துவிட்டு மறைக்கிறானா என்று அவன் முகத்திலேயே தேடுவாள். பல வருஷம் இப்படியே ஓடியது. ஓர் ஆடு எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பது ஆடு வளர்த்த அவளுக்குத் தெரியாதா? அந்தக் காலம் கடந்த பிறகும் வாசலில் வந்து நின்றாள். போன வருஷம் எர்மிந்தா இறந்துபோனாள்.

புதைத்துவிட்டு வரும்போது ஃபௌஸ்தோ என்னோடு நடந்தான். அவனும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். இப்போது இதைச் சொல்வதால் யாருக்கும் கேடில்லை. சிலுவையடியில் கூஜா நிறைந்திருந்தது. வேறு யாரோ ஊற்றத் தொடங்கியிருக்கிறார்கள்.

"உண்மையைச் சொல்லு," என்றேன். "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அந்த ஆட்டை நீ பார்க்கலையா?"

அவன் கூஜாவைப் பார்த்தபடி நின்றான்.

"பார்த்திருந்தா சுட்டிருக்கணும், வாத்தியாரே," என்றான். "அதனால அந்தக் குட்டைப் பக்கம் நான் திரும்பியே பார்க்கல."